மின்னை அளந்த மேதை

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், திருமழிசை என்னும் பழம்பதி உள்ளது. ஆழ்வார் பன்னிருவருள் ஒருவராகிய திருமழிசைப் பிரான் அவதரித்த ஊர் அது. அவ்வூருக்கு மகீசாரம் என்னும் மற்றொரு பெயரும் உண்டு. முனிவர் சிலர், தவம் இயற்றுதற்கு ஏற்ற இடம் யாதென நான்முகனை வினவினராம். நான்முகன் தேவதச்சனைக் கொண்டு பெரியதொரு துலாக்கோல் செய்வித்தான். ஒரு தட்டில் அவ்வூரையும், மற்றொரு தட்டில் ஏனை உலகையும் வைத்து நிறுத்தான். திருமழிசை இருந்த தட்டே தாழ்ந்தது என்று தலவரலாறு கூறும். ஓர் இடத்தின் பெருமையைக்கூட நிறுத்துப் பார்த்தே துணிதல் வேண்டும் என்னும் கருத்து இக்கதையில் அமைந்திருத்தல் நினைந்து இன்புறத்தக்கது.

இன்று அவ்வூரில் கோயில் மணியோசையோடு தொழிற்பேட்டையின் இயந்திர ஓசையும் கேட்கின்றது. அவ்வியந்திரங்களை இயக்குவது மின்னாற்றல். நெல்லை மரக்காலால் அளக்கலாம். பொன்னைத் தராசில் நிறுக்கலாம். துணியை முழக்கோல் கொண்டு அளக்கலாம். ஆனால், கண்ணுக்குப் புலனாகாது, கையிற் பிடிக்க இயலாது, கம்பியினுள்ளே ஓடும் மின்னோட்டத்தை எக்கோல் கொண்டு அளப்பது? அதனைத் தடுக்கும் தடையை எத்தராசில் இட்டு நிறுப்பது? இவ்வினாவுக்கு விடை கண்டு, மின்னியல் முழுவதற்கும் கணக்கு வகுத்துக் கொடுத்த பேரறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் ஆவார். தமிழ்ச் செவிக்குப் பிரணவ ஒலி போலக் கேட்கும் அப்பெயர், இன்று உலகெங்கும் மின்தடையை அளக்கும் அலகின் பெயராக நின்று நிலவுகின்றது.

ஓம், ஜெர்மனி நாட்டில் எர்லாங்கன் என்னும் நகரில், 1789-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பூட்டுத் தொழில் செய்யும் கம்மியர். தாயார் தையற்காரர் ஒருவரின் மகளார். அவர்களுக்குப் பிறந்த மக்கள் எழுவருள் மூவரே நெடுங்காலம் வாழ்ந்தனர். ஓம் பத்து வயதுச் சிறுவராய் இருந்தபோதே தாயார் இறந்தார். தந்தையார் பள்ளியில் முறையாகப் பயின்றவர் அல்லர். ஆயினும், தம் முயற்சியால் நூல் பல கற்று, கணிதம், இயற்பியல், வேதியியல், மெய்யியல் ஆகிய துறைகளில் நல்லறிவு பெற்றிருந்தார். பகலெல்லாம் அரமும் சுத்தியலும் பிடித்த கைகளால் அவர் தம் மைந்தர் இருவருக்கும் கணக்குக் கற்பித்தார். தந்தையிடமிருந்து மூத்த மைந்தர் பெற்ற செல்வங்கள் இரண்டு: ஒன்று கணித அறிவு, மற்றொன்று உலோகத்தை நுணுக்கமாக வேலை செய்யும் கைத்திறன். பின்னாளில் இவ்விரண்டுமே அவருக்குப் பெருந்துணையாயின.

எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் என்பவர் அவ்விளைஞரின் கணித ஆற்றலைச் சோதித்து வியந்தார். கணிதத்தில் புகழ்பெற்ற பெர்னூலி உடன்பிறந்தாருக்கு ஒப்பாகத் தம்பி மார்ட்டினையும் தமையனையும் அவர் போற்றினார். 1805-ஆம் ஆண்டில் ஓம் பல்கலைக்கழகம் புகுந்தார். ஆயின், இளமை தன் வேலையைக் காட்டியது. நடனத்திலும், பனிச்சறுக்கிலும், பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் அவர் மனம் மிகுதியாகச் சென்றது. தாம் பெறாத கல்வியைத் தம் மகன் வீணாக்குவது கண்டு தந்தையார் வெகுண்டார். மூன்று பருவங்கள் பயின்ற அளவில் ஓம் கல்லூரியை விட்டு நீங்க நேர்ந்தது. 1806-ஆம் ஆண்டில் அவர் சுவிட்சர்லாந்து சென்று, கோட்ஸ்டாட் என்னும் ஊரில் ஒரு பள்ளியின் கணித ஆசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு.

அந்நிய நாட்டில் தனித்து வாழ்ந்த ஓம், இழந்த கல்வியின் அருமையை உணர்ந்தார். ஓய்வு நேரமெல்லாம் கணித நூல்களைத் தாமே பயின்றார். 1811-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, அவ்வாண்டிலேயே எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே சில காலம் விரிவுரையும் நிகழ்த்தினார். ஆனால், அதனால் வந்த ஊதியம் வயிற்றுக்கும் போதவில்லை. 1813-ஆம் ஆண்டில் பாம்பர்க் நகரில் எளியதொரு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. 1816-ஆம் ஆண்டில் அப்பள்ளியும் மூடப்பட்டது. எனினும், ஓம் தளர்ந்தாரல்லர். வடிவியலை மாணவர்க்கு எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்பது பற்றி ஒரு நூல் எழுதி, அதனைப் பிரஷ்ய மன்னருக்கு அனுப்பினார். அந்நூலின் பயனாக, 1817-ஆம் ஆண்டில் கொலோன் நகரின் உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியர் பணி அவருக்குக் கிடைத்தது. அப்பள்ளியில் நல்லதோர் ஆய்வுக்கூடமும் இருந்தது. பூட்டுத் தொழிலாளியின் மைந்தருக்கு அது புதையலாய் வாய்த்தது.

அக்காலத்தில் மின்னியல் தளர்நடையிடும் குழந்தையாய் இருந்தது. 1800-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு வோல்ட்டா மின்னடுக்கை அமைத்து, இடையறாது ஓடும் மின்னோட்டத்தை முதன்முதலில் உலகுக்குக் காட்டினார். 1820-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு ஆயர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்தவூசி விலகுதலைக் கண்டறிந்தார். ஊசியின் விலக்கம் மின்னோட்டத்தை அறிந்துகொள்ளும் அடையாளமாயிற்று. ஆயினும், ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் எவற்றைப் பொறுத்துக் கூடும், எவற்றைப் பொறுத்துக் குறையும் என்பதற்கு அன்று தெளிவான விதி ஒன்றும் வழங்கவில்லை. இழைநீளம் கூடினால் ஓட்டம் குறையும் என்பது தெரியும். எவ்வளவு குறையும் என்பது தெரியாது. எவ்வளவு என்று கூற இயலாத அறிவு முழுமை பெற்ற அறிவாகாது.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் காவண்டிஷ் என்பவர் இவ்வுண்மையின் அருகே முன்னரே சென்றிருந்தார். உப்புநீர் நிறைந்த குழாய்களின் வழியே மின்னைச் செலுத்தி, தம் உடலில் உண்டாகும் அதிர்ச்சியின் வன்மையைக் கொண்டே அவர் அதனை மதிப்பிட்டார். தம் உடலையே அளவுகருவியாக்கிய அப்பெரியார், தாம் கண்டதை வெளியிடாமலே மறைந்தார். அவருடைய குறிப்புகளை மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் 1879-ஆம் ஆண்டில் பதிப்பித்த பின்னரே உலகம் அதனை அறிந்தது. ஆகவே, ஓம் தம் வழியைத் தாமே வெட்டிக்கொள்ள வேண்டியவரானார்.

ஓம் தம் கையாலேயே கருவிகளைச் செய்துகொண்டார். மெல்லியதோர் இழையில் காந்தவூசியைத் தொங்கவிட்டு, அதன் கீழே மின்னோட்டம் பாயும் கம்பியை அமைத்தார். ஊசி விலகும்போது, இழையின் தலைப்பை முறுக்கி அதனைப் பழைய நிலைக்குக் கொணர்வார். எவ்வளவு முறுக்க வேண்டியிருந்ததோ அவ்வளவே மின்னோட்டத்தின் வன்மைக்கு அளவாகும். இவ்வாறு நீளம் வேறுபட்ட கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றில் இணைத்து அளந்தார். 1825-ஆம் ஆண்டில் தம் முடிவை ஒரு கட்டுரையாக வெளியிட்டார்.

ஆனால், அக்கட்டுரையில் அவர் கூறிய விதி பிழையானது. பிழைக்குக் காரணம் அவர் பயன்படுத்திய மின்கலம். அக்காலத்து மின்கலம் இணைத்தவுடன் மிக்க வேகத்தோடு மின்னை உந்தும். சிறிது நேரத்திற்குள் தளர்ந்துவிடும். அளக்கும்பொழுதே உந்துவிசை மாறிக்கொண்டிருந்தால் அளவு எங்ஙனம் மெய்யாகும்? முழக்கோலே நீண்டும் குறுகியும் மாறிக்கொண்டிருந்தால் துணியின் நீளம் எவ்வாறு தெரியும்? அறிவியல் இதழொன்றின் ஆசிரியராய் இருந்த பாகன்டார்ஃப், மின்கலத்தை விடுத்து வெப்ப மின்னிரட்டையைக் கையாளுமாறு ஓமுக்கு யோசனை கூறினார். இருவேறு உலோகங்களை இருமுனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மற்றொரு முனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் உண்டாகும் என்பதைச் சீபெக் என்பவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறிந்திருந்தார்.

அச்சிட்டு வெளியிட்ட கருத்தை நிலைநாட்ட முனைவோர் பலர். அதனைத் தாமே மறுத்துத் திருத்த முன்வருவோர் சிலர். ஓம் அச்சிலரைச் சேர்ந்தவர். திருமழிசைப் பிரான் சமயங்கள் பலவற்றையும் ஆராய்ந்து, கொண்டவற்றுள் பொருந்தாதவற்றை விடுத்து, இறுதியில் தம் மனம் தெளிந்த நெறியில் நின்றார் என்பர் பெரியோர். உண்மையை நாடுவார்க்கு இஃது எத்துறையிலும் பொருந்தும் இயல்பு போலும். ஓம் தம் முதற்கட்டுரையைப் பற்றி வருந்திக் காலம் போக்கவில்லை. ஆய்வு முழுவதையும் மீண்டும் அடியிலிருந்து தொடங்கினார்.

இம்முறை பிஸ்மத்தும் செம்பும் இணைந்த மின்னிரட்டையை அமைத்தார். ஒரு முனையைக் கொதிநீராலும், மற்றொரு முனையைப் பனிக்கட்டியாலும் சூழ வைத்தார். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் மாறாதவை. ஆதலால் மின்னை உந்தும் விசையும் மாறாது நின்றது. ஒரே பருமனுடைய செப்புக் கம்பிகள் எட்டினை எடுத்துக்கொண்டார். அவற்றுள் மிகக் குறுகியது 2 அங்குலம். மிக நீண்டது 130 அங்குலம். ஒவ்வொன்றையும் இணைத்து, முறுக்கின் அளவைக் குறித்தார். ஒருநாள் அளந்ததை மறுநாளும் அளந்து ஒப்பிட்டார். எண்கள் மெல்ல மெல்ல ஓர் ஒழுங்கினைக் காட்டின.

1826-ஆம் ஆண்டில் அவர் கண்ட முடிவு இதுவே: மின்னோட்டத்தின் அளவை அறிய, உந்தும் விசையைச் சுற்றின் மொத்தத் தடையால் வகுத்தல் வேண்டும். அம்மொத்தத் தடையில் இரு கூறுகள் உண்டு. ஒன்று, ஆய்வுக்காக இணைத்த கம்பியின் தடை. மற்றொன்று, மின்னிரட்டையும் ஏனை இணைப்புகளும் தாமே கொண்டுள்ள மாறாத தடை. மின்னைத் தரும் பொருளும் சுற்றின் ஒரு பகுதியே என்னும் நுண்ணிய உண்மை இதனால் புலனாயிற்று.

இவ்விதியைச் செம்பரம்பாக்கம் ஏரியைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். திருமழிசைக்கு அண்மையில் உள்ள அவ்வேரியில் நீர் உயர்ந்து நின்றால், மதகின் வழியே வேகமாகப் பாயும். நீர்மட்டம் தாழ்ந்தால் பாய்ச்சலும் தளரும். வாய்க்கால் அகன்றிருந்தால் மிகுதியாக ஓடும். குறுகியும் புல் மண்டியும் இருந்தால் குறைவாக ஓடும். நீர்மட்டத்தின் உயர்வு போன்றது மின்னழுத்தம். ஓடும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். வாய்க்காலின் இடுக்கம் போன்றது மின்தடை. வெப்பநிலை மாறாதிருக்கும்போது, ஒரு கடத்தியின் இருமுனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை அதன் தடையால் வகுத்தால் அதன்வழிச் செல்லும் மின்னோட்டம் கிடைக்கும். இதுவே ஓம் விதி எனப்படும்.

தம் ஆய்வை நிறைவாக்க ஓம் ஓராண்டு விடுமுறை வேண்டினார். பாதிச் சம்பளத்தில் விடுமுறை கிடைத்தது. பெர்லின் நகரம் சென்று, அங்கே கணித அறிஞராய் விளங்கிய தம்பியோடு தங்கி, தம் கொள்கையைக் கணித முறையில் விளக்கும் நூல் ஒன்றை எழுதினார். அது 1827-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெப்பம் பொருள்களின் ஊடே பரவும் முறையைப் பிரெஞ்சு நாட்டு ஃபூரியர் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அதனைப் போலவே மின்னும் கம்பியின் ஊடே செல்கின்றது என்று ஓம் தம் நூலில் நிறுவினார். இந்நூல் தமக்குப் பல்கலைக்கழகப் பதவியைப் பெற்றுத் தரும் என்று அவர் எதிர்பார்த்தார்.

நிகழ்ந்ததோ வேறு. அறிஞர் பலர் நூலைப் பொருட்படுத்தவில்லை. சிலர் கடுமையாகப் பழித்தனர். இயற்பியலைக் கணிதத்தோடு இணைக்கும் வழக்கம் அன்று ஜெர்மன் நாட்டில் வேரூன்றவில்லை. கருவி கொண்டு அளப்பதைக் காட்டிலும், சிந்தனையாலேயே இயற்கையின் உட்பொருளை அறியலாம் என்னும் தத்துவக் கொள்கை அங்கே செல்வாக்குப் பெற்றிருந்தது. அக்கொள்கையில் நின்றோர்க்கு ஓமின் எண்களும் வாய்பாடுகளும் உயிரற்றவையாய்த் தோன்றின. கல்வித்துறையின் ஆதரவும் ஓமுக்குக் கிட்டவில்லை. மனம் நொந்த அவர், 1828-ஆம் ஆண்டில் கொலோன் பள்ளியின் பதவியைத் துறந்தார்.

அதன்பின் வந்த ஆண்டுகள் மிக்க இடர்ப்பாடு உடையவை. உலகுக்கு ஒரு பெருவிதியைக் கண்டுதந்த அறிஞர், பெர்லின் நகரில் சிறு வேலைகள் ஏற்றுக் கணிதம் கற்பித்து வாழ்நாளைக் கழித்தார். அவர் தம் விதியைக் கைவிடவும் இல்லை. தம்மைப் பழித்தாரோடு வாதிட்டுக் காலத்தைப் போக்கவும் இல்லை. 1833-ஆம் ஆண்டில் நூரம்பர்க் நகரின் பல்தொழிற் பள்ளியில் ஒரு பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

உண்மை சிலகாலம் உறங்கலாம், இறந்துபடுவதில்லை. ஜெர்மனியில் ஃபெக்னர், ரஷ்யாவில் லென்ஸ் முதலிய அறிஞர்கள் தாமே அளந்து பார்த்து, ஓமின் விதி மெய்யெனக் கண்டனர். பிரெஞ்சு நாட்டில் பூயே என்பவரும் தம் ஆய்வால் இவ்வுண்மையையே கண்டார். இங்கிலாந்தில் வீட்ஸ்டன் அவ்விதியைக் கொண்டு மின்தடையை அளக்கும் முறைகளை விளக்கினார். 1841-ஆம் ஆண்டில் ஓமின் நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே லண்டன் அரச கழகம் தன் உயர்ந்த பரிசாகிய காப்லி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. மறு ஆண்டில் அவரைத் தன் அயல்நாட்டு உறுப்பினராகவும் ஏற்றது. நூல் வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர், பிறநாட்டின் வாயிலாகவே சொந்த நாடு அவர் பெருமையை அறிந்தது.

ஒரே கம்பியாலாகிய எளிய சுற்றுக்கு ஓம் கண்ட விதி, பல கிளைகளாகப் பிரிந்து பின்னிக் கிடக்கும் சுற்றுகளுக்கும் அடித்தளமாயிற்று. 1845-ஆம் ஆண்டில், கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற இருபத்தொரு வயது மாணவராகிய கிர்க்காஃப், ஓமின் வழிநின்று இரண்டு விதிகளை வகுத்தார். ஒரு சந்தியை நோக்கி வரும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை, அதனை விட்டு நீங்குவனவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது ஒன்று. மூடிய எச்சுற்றிலும் மின்னை உந்தும் விசையின் அளவும், தடைகளில் இழக்கப்படும் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகையும் சமம் என்பது மற்றொன்று.

மின்தடைகளை இணைக்கும் முறை இருவகைப்படும். பூச்சரத்தில் பூக்களைத் தொடுப்பது போல ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது தொடரிணைப்பு. இதில் எல்லாத் தடைகளிலும் ஒரே மின்னோட்டம் செல்லும். மின்னழுத்தம் தடைகளுக்கு ஏற்பப் பங்கிடப்படும். ஓர் ஏரிக்குப் பல மதகுகள் இருப்பது போலத் தடைகளைப் பக்கம் பக்கமாக இணைப்பது பக்க இணைப்பு. இதில் எல்லாத் தடைகளுக்கும் ஒரே மின்னழுத்தம் கிடைக்கும். மின்னோட்டம் பிரிந்து செல்லும். மதகுகள் கூடக் கூட வெளியேறும் நீர் மிகுவது போல, பக்க இணைப்பில் தடைகள் கூடக் கூட மொத்தத் தடை குறைந்து, மொத்த மின்னோட்டம் மிகும்.

இவ்விரண்டும் கலந்த இணைப்பைத் திருவிழாவிலே காணலாம். கோபுரத்திலும் வீதியிலும் தொங்கவிடும் இழைவிளக்குச் சரம் ஒன்றில், 5 வோல்ட்டு விளக்குகள் 46 தொடராக இணைக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். அவை யாவும் சேர்ந்து 230 வோல்ட்டு மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். அச்சரத்தில் ஒரு விளக்கின் இழை அறுந்தாலும் சரம் முழுவதும் இருளும். ஆயின், பக்கத்துச் சரங்கள் தொடர்ந்து ஒளிரும். சரத்தினுள் விளக்குகள் தொடராகவும், சரங்கள் தம்முள் பக்கமாகவும் இணைந்திருப்பதே இதற்குக் காரணம்.

இத்தகைய கலப்பிணைப்பைக் கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம். ஒரு மின்கல அடுக்கின் மின்னழுத்தம் 12 வோல்ட்டு. அதனோடு 4 ஓம் தடை ஒன்று தொடராக உள்ளது. அதனை அடுத்து 12 ஓம், 6 ஓம் ஆகிய இரு தடைகள் தம்முள் பக்கமாக இணைந்துள்ளன. முதலில் பக்க இணைப்பை நோக்குதல் வேண்டும். 12-ஐயும் 6-ஐயும் பெருக்க 72. அவற்றைக் கூட்ட 18. முன்னதைப் பின்னதால் வகுக்க 4 ஓம் கிடைக்கும். இதனோடு தொடர்த் தடையாகிய 4 ஓமைக் கூட்ட, மொத்தத் தடை 8 ஓம். 12 வோல்ட்டை 8 ஓமால் வகுக்க, மொத்த மின்னோட்டம் 1.5 ஆம்பியர். இவ்வோட்டம் தொடர்த் தடையைக் கடக்கும்போது 6 வோல்ட்டு இழக்கப்படும். எஞ்சிய 6 வோல்ட்டு பக்கத் தடைகள் இரண்டுக்கும் ஒருங்கே கிடைக்கும். அதனால் 12 ஓம் தடையில் 0.5 ஆம்பியரும், 6 ஓம் தடையில் 1 ஆம்பியரும் செல்லும். இரண்டையும் கூட்டினால் மீண்டும் 1.5 ஆம்பியர் வருதல் காண்க. வந்த நீரும் பிரிந்த நீரும் அளவில் ஒத்தன.

தாளில் கண்டதைக் கருவியாலும் காணுதல் வேண்டும். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைச் சுற்றில் தொடராகவே இணைத்தல் வேண்டும். ஓடும் மின் முழுவதும் அதன் ஊடே சென்றாலன்றி அளவு தெரியாது. மின்னழுத்தத்தை அளக்கும் வோல்ட்மீட்டரைத் தடையின் இரு முனைகளுக்கும் பக்கமாக இணைத்தல் வேண்டும். இரு மட்டங்களின் வேறுபாட்டை அறிய இரண்டையும் தொடுதல் வேண்டுமன்றோ? அம்மீட்டரின் தடை மிகச் சிறியது. ஆதலால் அதனைத் தவறாக மின்கலத்தின் இரு முனைகளுக்கும் நேரே இணைத்துவிட்டால், அளவிறந்த மின்னோட்டம் பாய்ந்து கருவி கெடும். வீட்டு மின்சாரத்தில் இவ்வாய்வுகளைச் செய்தல் உயிருக்கே ஊறு தரும். ஆய்வுக்கூடத்தில், சிறிய மின்கலங்களைக் கொண்டு, ஆசிரியர் முன்னிலையில் செய்தலே முறை.

அளக்கும் கருவியும் சுற்றின் ஒரு பகுதியாகிவிடும் என்பதை மறத்தலாகாது. முற்கூறிய சுற்றின் பக்க இணைப்பில் 6 வோல்ட்டு உள்ளது. 4 ஓம் தடை மட்டுமே உடைய வோல்ட்மீட்டரை அங்கே இணைத்தால், பக்கத் தடை 2 ஓமாகவும், மொத்தத் தடை 6 ஓமாகவும் குறையும். மின்னோட்டம் 2 ஆம்பியராக உயரும். கருவி 4 வோல்ட்டையே காட்டும். அவ்வாறே, 4 ஓம் தடையுடைய அம்மீட்டரைத் தொடரில் இணைத்தால், மொத்தத் தடை 12 ஓமாகி, 1.5 ஆம்பியருக்கு மாறாக 1 ஆம்பியரே தெரியும். கருவி பொய் கூறவில்லை. தான் புகுந்ததால் மாறிய சுற்றையே அது காட்டுகின்றது. ஆதலால்தான் நல்ல வோல்ட்மீட்டருக்குத் தடை மிகப் பெரிதாகவும், நல்ல அம்மீட்டருக்குத் தடை மிகச் சிறிதாகவும் அமைக்கின்றனர். மின்னிரட்டையின் தடையையும் கணக்கில் சேர்த்த ஓமின் விழிப்பு, இன்று ஒவ்வொரு கருவியின் அமைப்பிலும் விளங்குகின்றது.

புகழ் வந்த பின்னும் ஓம் உழைப்பை விட்டாரல்லர். 1843-ஆம் ஆண்டில், பல சுரங்கள் கலந்த ஒலியைச் செவி எவ்வாறு தனித்தனி எளிய சுரங்களாகப் பகுத்து உணர்கின்றது என்பது பற்றிய கொள்கை ஒன்றையும் வெளியிட்டார். 1849-ஆம் ஆண்டில் மியூனிக் நகரம் அவரை அழைத்துக்கொண்டது. இளமை முதல் அவர் விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, 1852-ஆம் ஆண்டில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அதனை ஈராண்டுகளே அவர் வகித்தார். மணம் செய்துகொள்ளாமல் ஆய்வுக்கே வாழ்வை ஈந்த அப்பெருமகனார், 1854-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள் மியூனிக் நகரில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்த மறு ஆண்டில், 1855-இல், இந்திய நாட்டில் தந்திப் போக்குவரவு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களைக் கம்பிகள் இணைத்தன. நெடுந்தொலைவு செல்லும் தந்திக் கம்பியில் எங்கேனும் பழுது நேர்ந்தால், ஊர் ஊராய் நடந்து தேடுதல் எளிதன்று. கம்பியின் தடையை ஒரு முனையில் இருந்தபடியே அளந்து, பழுது எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதைக் கணக்கிடும் முறைகள் வகுக்கப்பட்டன. 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்தியத் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. ஆயினும், தந்திக்கு உதவிய அந்த விதி கைப்பேசியின் உள்ளேயும் நின்று வேலை செய்கின்றது.

1881-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் உலக மின்னியல் அறிஞர்கள் கூடினர். நாடுதோறும் வேறுபட்டு வழங்கிய அளவைகளை நீக்கி, எல்லார்க்கும் பொதுவான அளவைகளை ஏற்றனர். மின்னழுத்தத்தின் அலகு வோல்ட்டாவின் பெயரால் வோல்ட்டு ஆயிற்று. மின்னோட்டத்தின் அலகு, பிரெஞ்சு அறிஞர் ஆம்பியரின் பெயரைப் பெற்றது. மின்தடையின் அலகு ஓம் எனப் பெயர் பெற்றது. 1 வோல்ட்டு மின்னழுத்தத்தில் 1 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செல்லவிடும் தடை 1 ஓம் ஆகும். ஒருகாலத்தில் அவருடைய நூலைப் புறக்கணித்த நாட்டிலும் இன்று மின்தடையைக் குறிக்க அவர் பெயரைச் சொல்லாமல் முடியாது.

ஓமின் வாழ்வு நமக்கு உணர்த்துவன பல. ஏழைக் கம்மியர் இல்லத்திலும் பேரறிவு தோன்றும். கைத்தொழிலும் நூலறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மாறாத கோல் இன்றி மெய்யான அளவு இல்லை. தம் பிழையைத் தாமே கண்டு திருத்துதல் இழிவன்று. உண்மையை அடையும் வழி அதுவே. பழித்தவர்க்கு ஓம் அளித்த மறுமொழி, மீண்டும் எவரும் அளந்து பார்க்கத்தக்க எண்களே. எவர் அளந்தாலும், எந்நாட்டில் அளந்தாலும், அவ்வெண்கள் ஒரே உண்மையைக் கூறின. பள்ளி ஆய்வுக்கூடத்தில் அம்மீட்டரின் முள் அசைவதைக் காணும் மாணவர், தாம் கண்ட எண்ணை உள்ளவாறே ஏட்டில் குறித்து, கணக்கோடு ஒத்து வராவிடின் மீண்டும் அளந்து பார்ப்பாராயின், அவர் ஓம் நடந்த நெறியிலேயே நடப்பவர் ஆவார்.